டிப்ளமா கையில இருக்கு, டிகிரியும் வேணுமா? நர்ஸுங்க கேள்வி, அக்கா பதில்

இந்த மாசம் கேள்வி பதில் பக்கம் முழுக்க நர்ஸுங்களுக்குத்தான். ஆகஸ்ட் 1 சிங்கப்பூர்ல தாதியர் தினம் வருது, படிப்பு பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு போன இதழ்ல ஒரு சின்ன கட்டம் போட்டோம், வந்ததுல முக்காவாசி ஒரே கேள்வியத்தான் வேற வேற விதமா கேக்குது: ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ், பதிவு பெற்ற நர்ஸ்) ஆயாச்சு, டிப்ளமா இருக்கு, டிகிரி படிக்கலாமா வேணாமா. (ஏன் ஆகஸ்ட் 1-னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. 1885-ல அந்தத் தேதியிலதான் பிரெஞ்சு கன்னியாஸ்திரீங்க சிப்பாய் லைன்ஸ்ல இருந்த பொது ஆஸ்பத்திரியில தாதி வேலைய எடுத்துக்கிட்டாங்க. இப்ப எஸ்.ஜி.எச்.ங்கற சிங்கப்பூர் பொது மருத்துவமனை இருக்கற அவுட்ரம் பக்கந்தான் அந்த எடம்.) சரி, கேள்விக்குப் போவோம்.

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு. பாலிடெக்னிக்ல நர்சிங் டிப்ளமா முடிச்சு மெடிக்கல் வார்டுல 5 வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். கூட படிச்சவங்க எல்லாம் டிகிரி சேர்ந்துட்டாங்க. எனக்கு பேஷண்ட் பக்கத்துல நின்னு வேலை பாக்கத்தான் புடிக்கும், ஆபீஸ் ரூம்ல உக்கார ஆசை இல்ல. டிகிரி இல்லன்னா பின்னாடி வேலைக்கு ஆபத்து வருமா? – ஈசூன் வாசகி

பதில்: வேலைக்கு ஆபத்தெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, பயப்படாத. சிங்கப்பூர் நர்சிங் போர்டு பதிவேட்டுல டிப்ளமா நர்ஸும் டிகிரி நர்ஸும் ஒரே ஆர்.என்.தான், ஒரே லைசென்ஸ், வருஷா வருஷம் அதே பிராக்டீசிங் சர்டிபிகேட். நீ போடுற ஊசியையே டிகிரி நர்ஸும் போடுறா, நீ கையெழுத்து போடுற மருந்து சார்ட்லதான் அவளும் போடுறா. டிகிரி வாங்கிட்டா மறுநாள்லேர்ந்து வேற வேலை குடுப்பாங்கன்னு நெனச்சு சேர்ந்தவங்க நிறைய பேரு ஏமாந்து போயிருக்காங்க, அதனால முதல்லயே சொல்லிடறேன்.

அப்ப எங்கதான் வித்தியாசம் வருதுன்னா, ஏணியில. சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் வரைக்கும் உன் கைவேலையே உன்னைக் கொண்டு போய் விட்டுடும். அதுக்கு மேல நர்ஸ் கிளினிஷியன், நர்ஸ் மேனேஜர், நர்ஸ் எஜுகேட்டர்னு போகும்போது இன்டர்வியூல ரெண்டு பேரு ஒரே அனுபவத்தோட உக்காந்திருந்தா டிகிரி இருக்கறவ பக்கம் சாயும், இதுல ஒளிக்க ஒண்ணும் இல்ல. இன்னொன்னு, உனக்கு பேஷண்ட் பக்கத்துலயே நிக்கணும்னு ஆசைன்னு சொல்றியே, அதுலயே உச்சத்துக்குப் போறதுன்னா ஏ.பி.என்., அட்வான்ஸ்டு பிராக்டிஸ் நர்ஸ். அவங்க பேஷண்ட்ட பரிசோதிச்சு, டெஸ்ட் எழுதி, டாக்டரோட சேர்ந்து சிகிச்சைய திட்டம் போடுறவங்க, தனிப் பயிற்சி முடிச்சவங்க மருந்தும் எழுதலாம். அதுக்கு என்.யூ.எஸ்.ல (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) மாஸ்டர்ஸ் படிக்கணும், 2003-லேர்ந்து நடக்குது, அந்த மாஸ்டர்ஸுக்குள்ள போகணும்னா முதல்ல டிகிரி வேணும். அதனால டிகிரின்னாலே ஆபீஸ் ரூம்தான்னு முடிவு பண்ணிடாத. உன்னை மாதிரி ஆளுக்குத்தான் உண்மையில அந்த வழி.

டிகிரி வேணாம், ஆனா என் வேலையில ஆழமா போகணும்னா அதுக்கும் வழி இருக்கு. நன்யாங் பாலிடெக்னிக்ல அட்வான்ஸ்டு டிப்ளமா இருக்கு, கிரிட்டிக்கல் கேர், முதியோர் பராமரிப்பு மாதிரி ஒரு துறைய எடுத்து முழுசா படிக்கலாம். ஐ.சி.யூ.ல இருக்கறவங்கள்ல பாதிப் பேரு டிகிரிக்கு முன்னாடி அதத்தான் பாப்பாங்க. என் கருத்த கேட்டா, எந்தத் துறைன்னு மனசு தெளிவா இருக்கறவங்க முதல்ல அட்வான்ஸ்டு டிப்ளமா, எந்தத் துறைன்னு தெரியல ஆனா மேல போகணும்ங்கறவங்க முதல்ல டிகிரி. கூட படிச்சவங்க சேர்ந்துட்டாங்கங்கறது மட்டும் காரணமா இருந்தா, ஒரு வருஷம் பொறு.

கேள்வி: டிகிரி நர்ஸுங்க இருந்தா பேஷண்ட் சாவு கம்மியாகுதுன்னு எங்க வார்டுல ஒரு டிகிரிக்காரி சொல்லிக்கிட்டே இருக்கா. அப்ப நாங்கெல்லாம் பேஷண்ட்ட சாகடிக்கறோமா? – கோபத்தோட ஒரு டிப்ளமா நர்ஸ், தெம்பனிஸ்

பதில்: கோபம் நியாயந்தான், ஆனா அவ சொல்றது முழுப் பொய்யும் இல்ல. அமெரிக்காவுல லிண்டா எய்க்கன்னு ஒரு நர்சிங் பேராசிரியர், அவங்க குழு 2003-ல பென்சில்வேனியா மாநிலத்துல 168 ஆஸ்பத்திரிய எடுத்து பாத்தாங்க. டிகிரி நர்ஸ் பங்கு 10 சதவீதம் கூடுதலா இருக்கற ஆஸ்பத்திரிகள்ல ஆபரேஷன் பண்ண பேஷண்ட் 30 நாளுக்குள்ள சாகற வாய்ப்பு 5 சதவீதம் கம்மியா இருந்துச்சு. 2014-ல ஐரோப்பாவுல 9 நாட்டுல அதே மாதிரி பாத்தப்ப 7 சதவீதம்.

ஆனா இத அவகிட்ட சொல்லு: அது ஆஸ்பத்திரியையும் ஆஸ்பத்திரியையும் ஒப்பிட்ட கணக்கு, உன்னையும் அவளையும் ஒப்பிட்டது இல்ல. டிகிரி நர்ஸ நிறைய வச்சிருக்கற ஆஸ்பத்திரி வேற பல விஷயத்துலயும் நல்லா இருக்கலாம், ஆராய்ச்சிக்காரங்க அதையெல்லாம் கழிச்சுப் பாக்க முயற்சி பண்ணுவாங்க, ஆனாலும் இது காரணம்னு சத்தியம் பண்ண முடியாது, ரெண்டும் சேர்ந்து போகுதுன்னுதான் சொல்லலாம். இந்த வித்தியாசத்த புரிஞ்சிக்கறதுக்குத்தான் டிகிரில ரிசர்ச் பாடமே வைக்கறாங்க, அவ அந்தப் பாடத்த தூங்கிட்டே பாஸ் பண்ணிட்டா போல.

கேள்வி: எங்கெங்க படிக்கலாம், எத்தனை வருஷம், வேலை பாத்துக்கிட்டே முடியுமா? – உட்லண்ட்ஸ், சுவா சூ காங், பொங்கோல்னு நிறைய பேரு

பதில்: மூணு பெரிய வழி சொல்றேன். விண்ணப்பத் தேதியும் கட்டணமும் வருஷா வருஷம் மாறும், அத அந்தந்த எடத்துலயே கேட்டுக்கோங்க.

எஸ்.ஐ.டி.ல (சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம்), டிப்ளமா முடிச்சு ஏற்கெனவே ஆர்.என். ஆனவங்களுக்குன்னே ஒரு பட்டம் இருக்கு, நீங்க படிச்சத கணக்குல எடுத்துக்கறதால முழு 4 வருஷம் உக்கார வேண்டாம், சுமார் 2 வருஷம். அடுத்தது என்.யூ.எஸ்., ஆலிஸ் லீ நர்சிங் மையம், 2006-ல முதல் பேட்ச் எடுத்தாங்க, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஒண்ணு நர்சிங் டிகிரி குடுக்க ஆரம்பிச்சது அங்கதான். அங்கயும் பாலிடெக்னிக் நர்ஸுங்களுக்கு எவ்ளோ விலக்கு கிடைக்கும்னு கேட்டுப் பாருங்க, படிக்கப் போறது எத்தனை வருஷம்ங்கறதே அதுலதான் இருக்கு. மூணாவது எஸ்.ஐ.எம்.ங்கற தனியார் கல்வி நிலையம் வழியா சிட்னி பல்கலைக்கழகத்தோட பேச்சலர் ஆஃப் நர்சிங், ஆர்.என். ஆனவங்களுக்குன்னே போட்டது, பகுதி நேரம், ஒண்ணரை வருஷம் மாதிரி. வேலைய விடாம படிச்ச நம்ம ஆளுங்க பல பேரு வந்த வழி அது.

கட்டணத்துல ஒண்ணு கவனிங்க. என்.யூ.எஸ்., எஸ்.ஐ.டி. ரெண்டும் அரசாங்க மானியம் உள்ள எடம், குடிமக்களுக்கு அதுல பெரிய பங்கு கழிஞ்சிடும். தனியார் வழியில அந்த மானியம் இருக்காது, ஆனா சம்பளம் நிக்காது. முழு நேரம் படிச்சா போற 2 வருஷ சம்பளத்தையும் சேத்து கூட்டிக் கழிச்சுப் பாத்தா சில பேருக்கு விலை கூடுன பகுதி நேரம்தான் மலிவா முடியும். பாதிப் பேரு கட்டணத்த மட்டும் பாத்துட்டு வந்துடறாங்க, அதனாலதான் சொல்றேன், பேப்பர்ல எழுதிப் பாருங்க.

கேள்வி: என் மனைவி நர்ஸ். ரெண்டு புள்ளைங்க, பெரியவன் பி.எஸ்.எல்.இ. (ஆறாம் வகுப்பு முடிவுத் தேர்வு) எழுதப் போறான். இப்ப டிகிரி படிக்கணும்ங்கறா. மூணு ஷிஃப்ட் வேலை, வீடு, புள்ளைங்க, இதுல படிப்பு எங்க நுழையும்? கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. – ஒரு கணவர், செங்காங்

பதில்: யாருக்கு எடுத்துச் சொல்லணும் தம்பி, உங்களுக்கா அவங்களுக்கா? அவங்க பத்து வருஷமா நைட் பாத்துட்டு வந்து புள்ளைக்கு ஸ்கூல் பையில தண்ணி பாட்டில் வச்சு அனுப்பிட்டுத்தான் தூங்கியிருப்பாங்க, நேரம் எங்க நுழையும்னு அவங்களுக்கு உங்கள விட நல்லாத் தெரியும். உங்ககிட்ட அவங்க கேக்கறது அனுமதி இல்ல, வாரத்துல ரெண்டு சாயந்தரம்.

ஆனா கேள்வி நல்ல கேள்வி, அதனால ஒழுங்கா பதில் சொல்றேன். வேலை பாத்துக்கிட்டே படிக்கற நர்ஸுங்க பாதியில நிறுத்தறதுக்குக் காரணம் பாடம் கஷ்டம்ங்கறது ரொம்பக் கம்மி. ரோஸ்டர்தான், யாருக்கு எந்த ஷிஃப்ட்னு போடற பட்டியல். கிளாஸ் செவ்வாய் சாயந்தரம் ஆறரைக்குன்னு வச்சுக்கோங்க, அன்னிக்கு பி.எம். ஷிஃப்ட் (மத்தியானத்துலேர்ந்து ராத்திரி வரைக்கும்) விழுந்தா போச்சு. ஒரு தடவை ஆள் மாத்திக்கலாம், ரெண்டு தடவை மாத்திக்கலாம், மூணாவது தடவை கேக்கும்போது கூட வேலை பாக்கறவ மூஞ்சி மாறும். அப்புறம் குரூப் பிராஜெக்ட்னு ஒண்ணு குடுப்பாங்க, அஞ்சு நர்ஸு அஞ்சு ஆஸ்பத்திரி அஞ்சு ரோஸ்டர், எல்லாருக்கும் ஒரே நாள் ஆஃப் கெடைக்கறதுக்குள்ள செமஸ்டரே முடிஞ்சிடும், கடைசியில ராத்திரி பதினோரு மணிக்கு ஜூம்லதான் பேசுவாங்க, ஒருத்தி யூனிஃபார்ம் கூட மாத்தாம எம்.ஆர்.டி.ல இருந்தே பேசுவா.

அதனால விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி உங்க மனைவி போய்ப் பாக்க வேண்டிய முதல் ஆளு அவங்க நர்ஸ் மேனேஜர். யூனிவர்சிட்டி ரெண்டாவது. போகும்போது சும்மா "படிக்கலாம்னு இருக்கேன் மேடம்"னு போகாம கிளாஸ் நாளும் பரீட்சை வாரமும் இருக்கற டைம்டேபிள பிரிண்ட் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. அந்த நாள்ல ஏ.எம். இல்லன்னா ஆஃப் குடுக்க முடியுமா, பரீட்சை வாரத்துல நைட் இல்லாம பாத்துக்க முடியுமா, படிப்பு லீவ் எங்க வார்டுல யாருக்காவது குடுத்திருக்கீங்களான்னு நேரடியா கேக்கணும். நல்ல மேனேஜரா இருந்தா மூணு மாச ரோஸ்டர முன்கூட்டியே போட்டுத் தருவாங்க. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்கன்னா அதுவும் நல்லதுதான், வேற வார்டு, கிளினிக், பாலிகிளினிக் மாதிரி நைட் இல்லாத எடத்துக்கு முதல்ல மாத்திக்கிட்டு அப்புறம் சேரலாம். நைட் முடிச்ச காலையில நேரா கிளாஸுக்குப் போறத மட்டும் வேணவே வேணாம்னு சொல்லுங்க. அன்னிக்கு படிச்சதும் தலையில நிக்காது, வீட்டுக்கு வர்ற வழியும் ஆபத்து.

பி.எஸ்.எல்.இ. விஷயம். அது ஒரு வருஷந்தான். பையன் எழுதி முடிச்சதும் அடுத்த வருஷ இன்டேக்ல சேரட்டும், அதுக்குள்ள பேப்பர் வேலைய முடிச்சு வைக்கட்டும். ஆனா அடுத்த வருஷம் சின்னதுக்கு வேற ஏதாவது வரும்னு நீங்க தள்ளாதீங்க. சமையல் கத்துக்கோங்க, ரசமும் முட்டைப் பொரியலும் போதும்.

கேள்வி: டிப்ளமா முடிச்சு 14 வருஷம் ஆச்சு. கட்டுரை எழுதியே 14 வருஷம் ஆச்சு. இங்கிலீஷ்ல ரெண்டாயிரம் வார்த்தை, ரெஃபரன்ஸ், அது இதுன்னு கேக்கறாங்களாமே, எனக்கு வார்டு ரிப்போர்ட் எழுதத்தான் வரும். படிக்கற தைரியமே இல்ல. – பயந்த ஒருத்தி, ஜூரோங்

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா டிகிரில உண்மையா என்ன நடக்குதுன்னு யாரும் சொல்றதில்ல, பிரோஷர்ல சிரிச்ச மொகமா நாலு பேரு நிக்கற போட்டோதான் போடுவாங்க.

நீங்க ஆர்.என்., உங்களுக்கு யாரும் பெட் மேக்கிங்கோ இன்ஜெக்ஷனோ திரும்பக் கத்துக்குடுக்கப் போறதில்ல. பாடம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஆராய்ச்சி முறை, ஆதாரத்த வச்சு சிகிச்சை குடுக்கறது, பேஷண்ட்ட தலை முதல் கால் வரைக்கும் ஆழமா பரிசோதிக்கறது, சமூக சுகாதாரம், தலைமைப் பண்பு, நெறிமுறை. இதுல பயமுறுத்தறது முதல் ரெண்டுந்தான்.

ஒரு உதாரணம் பாருங்க. உங்க வார்டுல படுத்த படுக்கையா இருக்கற பேஷண்ட்ட 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கறீங்க, படுக்கைப்புண் வரக்கூடாதுன்னு. முன்னாடி பிரேடன் ஸ்கேல் போடுவீங்க, உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உராய்வுன்னு ஆறு விஷயத்துக்கு மார்க், மொத்தம் 6-லேர்ந்து 23 வரைக்கும், 18-ம் அதுக்குக் கீழயும் வந்தா ஆபத்துன்னு குறிப்பீங்க. இத தினமும் தூக்கத்துல கேட்டாலும் சொல்வீங்க. டிகிரில ஒரு கேள்வி கேப்பாங்க: ஏன் 2 மணி நேரம்? ஏன் 3 இல்ல, ஏன் 4 இல்ல?

அவ்ளோதான் அசைன்மென்ட். இத எப்படிக் கேக்கணும்னு ஒரு சட்டம் குடுப்பாங்க, பிகோ-ன்னு சொல்வாங்க: எந்த பேஷண்ட், என்ன செய்யறோம், எதோட ஒப்பிடறோம், என்ன முடிவ பாக்கறோம். அத வச்சு லைப்ரரி டேட்டாபேஸ்ல தேடுவீங்க. தேடுனா 2013-ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் முதியோர் இல்லங்கள்ல நடந்த ஒரு சோதனை வரும், ஆபத்து உள்ளவங்கள 2 மணி, 3 மணி, 4 மணின்னு மூணு கூட்டமா பிரிச்சு திருப்பிப் படுக்க வச்சு பாத்தாங்க, படுக்கைப்புண் வந்ததுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. இத படிச்சதும் உங்களுக்கு என்ன தோணும்? அடப்பாவி, இத்தனை வருஷம் முதுகு ஒடிய திருப்புனோமேன்னு தோணும். இங்கதான் ரெண்டாவது பாடம் ஆரம்பிக்குது. அந்தச் சோதனையில எல்லாரும் படுத்திருந்தது அடர்த்தியான ஃபோம் மெத்தை. அவங்க முதியோர் இல்லத்துல நிதானமா இருக்கறவங்க, உங்க வார்டுல மாதிரி பிரஷர் விழுந்து ஆக்ஸிஜன்ல இருக்கறவங்க இல்ல. அதனால நாளைக்குக் காலையில போய் 4 மணி நேரமா மாத்தலாமா? மாத்தக் கூடாது. ஆனா உங்க வார்டு மெத்தை என்ன மெத்தை, ராத்திரி தூக்கத்த கெடுத்து எழுப்பறது எந்த பேஷண்ட்டுக்கு அவசியம், யாருக்கு இல்லன்னு கேள்வி கேக்கலாம், மீட்டிங்ல கையத் தூக்கிப் பேசலாம், டாக்டரும் தெரப்பிஸ்ட்டும் இருக்கற எடத்துல உங்க பேச்சுக்கு ஆதாரம் இருக்கும். 14 வருஷம் பேஷண்ட்ட திருப்பிப் போட்ட கைக்கு இந்தக் கட்டுரை எழுதறது கஷ்டமா? இருபது வயசுப் புள்ளைக்குத்தான் கஷ்டம், அதுக்கு மெத்தை வித்தியாசமே தெரியாது.

மிச்சம் இருக்கறது இங்கிலீஷும் ரெஃபரன்ஸும். ரெஃபரன்ஸ் ஒரு வாரத்துல பழகிடும், கமா எங்க, புள்ளி எங்கன்னு எரிச்சலா இருக்கும், அவ்ளோதான். இங்கிலீஷுக்கு பெரும்பாலான யூனிவர்சிட்டியில எழுத்து உதவி மையம் இருக்கு, காசு இல்ல, வெக்கப்படாம முதல் வாரமே போங்க. பழக்கதோஷத்துல இன்னொருத்தர் வரிய அப்படியே எடுத்துப் போட்டுடாதீங்க, டர்னிட்டின்ங்கற காப்பி பிடிக்கற சாஃப்ட்வேர் கண்டுபிடிச்சிடும். சாட்போட்ட எழுத வச்சு குடுக்கறதும் இப்ப நிறைய நடக்குது, அது இல்லாத ஆராய்ச்சிய இருக்குன்னு எழுதிக் குடுக்கும், டீச்சர் தேடிப் பாத்து இல்லன்னா மாட்டுனது நீங்கதான்.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை வேணும்னா, உங்க ஆஸ்பத்திரி லைப்ரரிக்குள்ள போய் உங்க வார்டுல தினமும் பாக்கற ஒரு விஷயத்த, கீழ விழறதோ, கத்தீட்டர் இன்ஃபெக்ஷனோ, ஒரே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைய எடுத்து முழுசா படிச்சுப் பாருங்க. நடுவுல வர்ற புள்ளிவிவரம் புரியாது, பரவால்ல, தாண்டிப் போங்க. முதல் பக்கமும் கடைசி ரெண்டு பக்கமும் புரிஞ்சா நீங்க தயார்.

கேள்வி: நான் தமிழ்நாட்டுல ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) முடிச்சு இங்க எஸ் பாஸ்ல (வேலை அனுமதி) ஆர்.என்.-ஆ இருக்கேன். ஊருக்குப் போய் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கறதா, இங்கயே படிக்கறதா? பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும், டிகிரி வாங்கித் தரேன்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு. – தேக்கா பக்கம் தங்கியிருக்கற தங்கச்சி

பதில்: ஏஜென்ட் நம்பர முதல்ல போன்லேர்ந்து அழி. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்ங்கறது 2 வருஷ ரெகுலர் படிப்பு, காலேஜுக்கும் போகணும், ஆஸ்பத்திரி போஸ்டிங்கும் பாக்கணும். நீ சிங்கப்பூர்ல ஷிஃப்ட் பாத்த அதே தேதியில அங்க வருகைப் பதிவேட்டுல உன் பேரு இருந்தா, அந்தப் பொய் என்னிக்காவது சரிபார்ப்புக்கு வரும். பாஸ்போர்ட்ல போன தேதி வந்த தேதி எல்லாம் முத்திரை இருக்கு. அப்ப போறது டிகிரி மட்டும் இல்ல, கஷ்டப்பட்டு வாங்குன ஆர்.என்.-க்கும் ஆபத்து.

நெஜமாவே ஊர்ல போய் ஒழுங்கா படிக்கறதுன்னா அது கௌரவமான வழி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வர்ற, இந்திய நர்சிங் கவுன்சில் ஏத்துக்கிட்ட காலேஜான்னு நீயே பாத்துக்கோ. ஆனா 2 வருஷம் சம்பளம் கிடையாது, இங்க பாஸ் போயிடும், திரும்பி வர்றது முதல்லேர்ந்து. ஊர்ல கல்யாணம், வீடுன்னு அங்கயே இருக்கப் போறவளா இருந்தா சரி, நர்சிங் காலேஜ்ல டீச்சரா போகணும்னா கூட சரி. இங்கயே இன்னும் அஞ்சாறு வருஷம்னு எண்ணம் இருந்தா பகுதி நேரமா இங்க படி, வேலை பாஸ்லயே பகுதி நேரம் படிக்கலாம், ஆனா எச்.ஆர்.கிட்ட சொல்லிட்டுச் சேரு. மானியம் உனக்குக் கிடைக்காது, முழுக் காசுதான், அதனால ஆஸ்பத்திரி ஸ்பான்சர் பண்ணுமான்னு முதல்ல கேளு. ஜி.என்.எம். மார்க்‌ஷீட், பாடவாரியா மணி நேரம் போட்ட டிரான்ஸ்கிரிப்ட், ஊர் கவுன்சில் பதிவு எல்லாம் ஊர்ல பீரோல கெடந்தா அடுத்த தடவை போகும்போது எடுத்துட்டு வந்துடு, யூனிவர்சிட்டி எல்லாத்தையும் கேக்கும்.

வீட்டுக்கு மாசா மாசம் பணம் அனுப்பறவளா நீ? அப்படின்னா அந்தக் கணக்கையும் சேத்துப் பாரு. படிப்புக் காலத்துல எவ்ளோ அனுப்ப முடியும்னு அப்பா அம்மாகிட்ட இப்பவே சொல்லிடறது நல்லது.

கேள்வி: ஸ்பான்சர்ஷிப் வாங்கலாமா, பாண்டு (காசு கட்டுன ஆஸ்பத்திரியிலயே இத்தனை வருஷம் வேலை பாக்கணும்ங்கற ஒப்பந்தம்) பயமா இருக்கு. – பீஷான்

பதில்: அடுத்த மூணு நாலு வருஷம் அதே எடத்துல இருக்கப் போறீங்கன்னா பாண்டு ஒண்ணும் பூதம் இல்ல, எப்படியும் இருக்கப் போற எடத்துல இருக்கறதுக்கு அவங்க காசு கட்டறாங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மூணு வரிய மட்டும் தேடிப் படிங்க: பாண்டு எந்தத் தேதியிலேர்ந்து ஆரம்பிக்குது (சேர்ந்த நாளா, முடிச்ச நாளா), பிரசவ லீவும் சம்பளம் இல்லாத லீவும் அதுல கழியுமா, நடுவுல விட்டா மிச்சக் காலத்துக்கு மட்டும் கட்டணுமா இல்ல வட்டியோட முழுசுமா. கல்யாணம் ஆகி வெளிநாடு போற யோசனை இருக்கறவங்க சொந்தக் காசுல படிங்க.

கேள்வி: எனக்கு 46. இந்த வயசுல டிகிரி வாங்கி என்ன ஆகப் போகுது? – அங் மோ கியோ

பதில்: சம்பளத்துக்காகன்னா ரொம்ப ஆகாது, உண்மைய சொல்றேன். டீச்சிங் பக்கம் போகணும், நைட் ஷிஃப்ட்லேர்ந்து வெளிய வரணும், சமூகப் பராமரிப்புக்கு மாறணும்னா ஆகும், இன்னும் இருபது வருஷம் கிட்ட வேலை பாக்கப் போறீங்க இல்ல? குடிமகளா இருந்தா 40 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்கு 2024 மே மாசத்துலேர்ந்து 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் (அரசாங்கம் படிப்புக்குக் குடுக்கற காசு) தனியா இருக்கு, குறிப்பிட்ட கோர்ஸுக்குத்தான் செல்லும், உங்க கோர்ஸ் அந்தப் பட்டியல்ல இருக்கான்னு பாத்துடுங்க.

இன்னொன்னு, பொது ஆஸ்பத்திரி நர்ஸுங்களுக்கு 2024-ல அறிவிச்சாங்களே ஏஞ்சல் திட்டம், 20 வருஷத்துல 1 லட்சம் வெள்ளி வரைக்கும், நாலு முதல் ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை பிரிச்சுக் குடுக்கறது. அது டிகிரி இருக்கா இல்லையான்னு பாத்துக் குடுக்கறது இல்ல, தொடர்ந்து வேலையில இருக்கறதுக்குக் குடுக்கறது. அதனால படிக்கறதுக்காக வேலைய விடறதோ நீண்ட லீவ் போடறதோ அந்தக் கணக்க என்ன பண்ணும்னு எச்.ஆர்.கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க, வாய்வார்த்தை வேணாம்.

கேள்வி: நான் ஐ.டி.இ.ல (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) படிச்ச என்ரோல்டு நர்ஸ் (இ.என்., ஆர்.என்.-க்கு ஒரு படி கீழ). நேரா டிகிரி சேரலாமா? – ஹவ்காங்

பதில்: ஆர்.என். ஆனவங்களுக்குன்னு போட்ட கோர்ஸ்ல நேரா சேர முடியாது தம்பி. முதல்ல டிப்ளமா, ஆர்.என்., அப்புறம் அது. ஆஸ்பத்திரியே இ.என்.-ஐ டிப்ளமாவுக்கு ஸ்பான்சர் பண்ணி அனுப்பும், உங்க மேனேஜர்கிட்ட பேரு குடுத்து வைங்க. ஆம்பள நர்ஸ் குறைச்சல்னு வார்டுல தூக்கறதுக்கெல்லாம் உங்களத்தான் கூப்பிடுவாங்கன்னு தெரியும், முதுக பாத்துக்கோங்க.

கேள்வி: ஜொகூர்லேர்ந்து தினமும் வந்து போறேன். பின்னாடி வெளிநாடு போகணும்னு ஆசை. அதுக்கு டிகிரி கட்டாயமா? – காஸ்வே வாசகி

பதில்: எந்த நாடுங்கறத பொறுத்தது. இங்கிலாந்துல 2013-லேர்ந்து புதுசா நர்ஸ் படிப்புல சேர்றவங்க டிகிரி படிச்சுத்தான் வரணும், ஆஸ்திரேலியாவுலயும் ஆர்.என்.னா டிகிரிதான், அதனால டிப்ளமாவோட போறவங்கள அவங்க கூடுதலா சோதிப்பாங்க. அமெரிக்கா வேற மாதிரி, என்கிளெக்ஸ்ங்கற லைசென்ஸ் பரீட்சைய டிப்ளமா வச்சிருந்தாலும் எழுதலாம், அங்கயே ரெண்டு வருஷப் படிப்புல ஆர்.என். ஆனவங்க நிறைய. ஆனா நியூயார்க் மாநிலத்துல 2017-ல ஒரு சட்டம் போட்டாங்க, புதுசா வர்ற ஆர்.என். 10 வருஷத்துக்குள்ள டிகிரி முடிக்கணும்னு. பெரிய ஆஸ்பத்திரிகளும் டிகிரி உள்ளவங்களத்தான் முதல்ல கூப்பிடுது, காத்து அந்தப் பக்கந்தான் அடிக்குது.

தினமும் காஸ்வே தாண்டறவங்களுக்கு பகுதி நேர கிளாஸ் சாயந்தரத்துல வச்சா வீடு போய்ச் சேர நடுராத்திரி ஆகும், அதனால வார இறுதியிலயோ ஆன்லைன்லயோ எவ்ளோ பங்கு கிளாஸ் இருக்குன்னு கேட்டுட்டுச் சேருங்க. வெளிநாட்டு போர்டுங்க டிப்ளமா காலத்துல மெடிக்கல், சர்ஜிக்கல், பிரசவம், குழந்தைகள், மனநலம்னு ஒவ்வொரு பிரிவுலயும் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டுன்னு தனித்தனியா கேக்கும். பழைய காலேஜ்ல அந்த விவரத்த எழுதி சீல் போட்டுத் தர மாசக்கணக்கா இழுப்பாங்க, டிகிரி சேர்றீங்களோ இல்லையோ அதுக்கு இன்னிக்கே ஒரு மெயில் போட்டு வைங்க.